இலவசக்காரரின் கூலி

என் வீட்டுக்காரர் கிளாட்சனுக்குப் பாபநாசம் கடைத்தெரு வைத்த பெயர் இலவசக்காரர். யாராவது வழி கேட்டால்கூட, "இலவசக்காரர் வீடா? மாதா கோயில் தாண்டி மூணாவது சந்து" என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்குச் சிரிப்பு, அவருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும்தான் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் யாரோ, "இலவசக்காரர் சம்சாரத்துக்கு இடம் விடுங்கப்பா" என்று சொல்ல, நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் வரிசையையே விட்டுப் போய்விட்டார்.

அவர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். கல்யாணமான புதிதில் தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில் இருந்தார். ரைஸ் மில், உரக்கடை, கிளினிக் என்று அந்தக் கம்பெனியின் புரோகிராம் ஓடாத இடமில்லை. இவர் பைக்கில் அலைந்து அதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷச் சந்தா கட்டும் தேதி தவறினால் அந்தப் புரோகிராம் தானாகவே பூட்டிக்கொள்ளும். அய்யம்பேட்டைப் பக்கம் ஒரு கிளினிக்கில் அப்படிப் பூட்டிக்கொண்டது. டாக்டரே மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், சந்தாவை யார் கட்டுவது? நோயாளிகளின் விவரமெல்லாம் உள்ளே. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா பழைய ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டுமென்று நிற்கிறாள். "காசு கட்டினால்தான் திறக்க முடியும்" என்று சொல்வதற்கு இவரை அனுப்பியிருக்கிறார்கள்.

இவர் சொல்லவில்லை. நேராக ஆபீசுக்குப் போய் பைக் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் அல்வா. ஊரில் வேலை கிடைத்தால் இனிப்பு வாங்குவார்கள். இவர் வேலையை விட்டதற்கு வாங்கி வந்தார்.

அதற்குப் பிறகுதான் கட்டற்ற மென்பொருள் எங்கள் வீட்டுக்குள் வந்தது. லினக்ஸ் என்றார், இன்னும் என்னென்னவோ பெயர் சொன்னார்.

"இதை எழுதினவங்க பூட்டுப் போடாம எழுதியிருக்காங்க ஃபிளோரா. யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம். ஒருத்தன்கிட்டயும் போயிக் கெஞ்ச வேண்டாம்."

"நாம எதைச் சாப்பிடுறது?" என்றேன்.

"சாப்ட்வேருக்குத்தான் காசு கிடையாது. போட்டுக் குடுத்து, பழுது வந்தா சரி பண்ணித் தர்ற வேலைக்குக் கூலி வாங்கிக்கலாம்ல?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டே வருஷத்தில் பாபநாசத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அவர் போட்டுக்கொடுத்த சிஸ்டம்தான். வைரஸ் வரவில்லை, பூட்டிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். கூலி மட்டும் வரவில்லை.

ஏன் வரும்? வேலையை முடித்து எழுந்ததும் கடைக்காரர் "எவ்வளவுங்க?" என்று கேட்பார். இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, "பாத்துக் குடுங்க" என்பார்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் அது. பந்திக்குச் சமைக்கிறவர் சொல்வார், மேளக்காரர் சொல்வார். ஆனால் சமையலுக்கு என்ன கூலி, மேளத்துக்கு என்ன கூலி என்று ஊருக்குத் தெரியும். அதைப் பார்த்து, பத்து ரூபாய் கூடவே போட்டுக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்து தட்டுவதற்கு என்ன கூலி என்று யாருக்குத் தெரியும்? அதிலும், "சாப்ட்வேரே இலவசம்" என்று இவரே வாய் நிறையச் சொல்லியிருக்கிறார். பார்க்கச் சொன்னார், அவர்களும் பார்த்தார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஒருவர் வாழைத்தார் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வாழைப்பழம், பக்கத்து வீட்டிலும் வாழைப்பழம்.

இது போதாதென்று போகிற இடத்திலெல்லாம் பாடம் வேறு நடத்துவார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மங்களாம்பிகை என்று ஒரு அம்மா டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கேதான். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை கூப்பிடுவார். இவரும் சளைக்காமல் போய், எது எங்கே இருக்கிறது, எதைத் திருப்பினால் எது சரியாகும் என்று சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா கெட்டிக்காரி. ஒரே வருஷத்தில் எல்லாம் கற்றுக்கொண்டு, "இனிமே நீங்க அலைய வேணாம் சார், நானே பாத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு இவர் வீட்டுக்கு வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! மாநிலத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை தோற்றது.

"தன் கையே தனக்கு உதவி, ஃபிளோரா. ஒருத்தர் விடுதலை ஆயிட்டாங்க."

"ஊருக்கே தன் கையே தனக்கு உதவின்னு சொல்லிக் குடுத்துட்டா, உங்க கைக்கு என்னங்க வேலை?" என்று கேட்டேன். வாடிக்கை போனதற்குச் சந்தோஷப்பட்ட வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, எங்கள் மகள் ஆஷ்லின் பள்ளிக்கூடம் போனாள். என் அண்ணன் எல்வின் குவைத்தில் இருக்கிறான். எங்கள் நிலைமை அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு மாப்பிள்ளையை அனுப்பு என்று விசாவுக்கே ஏற்பாடு செய்துவிட்டான். பொங்கல் கழிந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் போவதில் எனக்கு இஷ்டமில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மஸ்கட்டில் இருந்தார். அவர் லீவில் வரும்போதெல்லாம், யாரோ வந்திருக்கிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பழகி மடியில் உட்காரும்போது கிளம்பிவிடுவார். ஆஷ்லினுக்கு அது வேண்டாம். ஆனால் விருப்பத்தை உலையில் போட முடியுமா? "பொங்கலுக்குள்ள நிலையா ஒரு வருமானத்துக்கு வழி பண்ணுங்க. இல்லேன்னா குவைத்துதான்" என்றேன். சரி என்று தலையாட்டினார். அந்த வாரமே இரண்டு கடைக்குப் போனார். இரண்டிலும் பார்த்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

மார்கழியில் ஒரு நாள் ரைஸ் மில் வீரையனின் சம்சாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்க வந்திருந்தார். நான் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, "எங்க வீட்டுல மில்லு கம்ப்யூட்டரை ஏதோ கம்பெனிகிட்ட விடப் போறாங்கம்மா. நாளைக்குக் கையெழுத்தாம்" என்றார். இருப்பதிலேயே பெரிய வாடிக்கை அந்த மில்தான். எனக்கு வந்த கோபத்தில் ஊசியை மெதுவாக எடுத்தது அந்தம்மா செய்த புண்ணியம்.

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நர்ஸ் உடுப்போடு மில் வாசலில் இறங்கினேன். வீரையன் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். மேஜையில் கம்பெனியின் ஒப்பந்தக் காகிதம் இருந்தது. கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒருவர் நெல் எடையைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"இது ஓடலையா?" என்றேன்.

"ரெண்டு வாரமா மக்கர் பண்ணுதும்மா."

"அவரைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"எப்படிம்மா கூப்பிடுறது?" என்று வீரையன் குரலை உயர்த்தினார். "போன தடவை வந்தாரு. அரை நாள் உக்காந்து சரி பண்ணாரு. எவ்வளவுங்கன்னா பாத்துக் குடுங்கன்னுட்டு, ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போறாரு. அடுத்த வாரமே திரும்பக் கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்காதா? காசு வாங்குறவன்னா, ஏய்யா இன்னும் வரலைன்னு சத்தம் போடலாம். சும்மா வந்து செய்யிற மனுஷனைச் சத்தம் போட்டா என் நாக்கு அழுகிப் போயிடும்."

ஊரே கஞ்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இங்கே ஒருவர் கூச்சத்தில் இரண்டு வாரமாகக் கம்ப்யூட்டரை மூடி வைத்திருக்கிறார்.

"கூச்சப்படுறவங்க காசு குடுத்திருக்கலாமே?" என்று விடாமல் கேட்டேன்.

"எவ்வளவு குடுக்கிறது? குறைச்சுக் குடுத்தா அவருக்கு அவமானம். கூட்டிக் குடுத்தா எனக்குக் கிறுக்குன்னு என் மச்சினனுங்க சொல்லுவானுங்க. அவரு வாயைத் திறந்து ஒண்ணு சொன்னா ஆச்சு. சொல்ல மாட்டேங்குறாரே! கம்பெனிக்காரன் பாருங்க, தெளிவா எழுதிக் குடுத்திருக்கான். ஒரே சங்கடம், மாசா மாசம் கேக்குறான். அறுவடைக்குத்தாம்மா எங்க கையில நாலு காசு புழங்கும். ஐப்பசி மாசம் அடைமழையில வந்து கேட்டா நான் எங்க போவேன்?"

"நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க அண்ணே. நாளைக்கு அவரு வருவாரு, வந்து சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் போய்ச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போனது. "போயி நின்னு, எனக்கு இவ்வளவு குடுங்கன்னு கேக்கணுமா?" என்றார்.

"ஆமா. குறுவை அறுத்தா ஒரு தடவை, சம்பா அறுத்தா ஒரு தடவை. பழுது வந்தாலும் வராட்டியும் குடுத்துடணும். அவங்க கூப்பிட்ட அன்னைக்கே நீங்க போயிடணும்."

பின்கட்டில் நாற்காலிக்குக் கால் போட்டுக்கொண்டிருந்த என் மாமனார் அடைக்கலசாமி உளியை வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் தச்சு வேலைக்காரர். பேச்சு குறைவு. அன்றைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அறுவடைக்கு அறுவடையா? களத்துல போயி நிக்கச் சொல்றியா அவனை?"

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. டிராக்டர் வருவதற்கு முன்னால் ஊரில் ஏர் செய்வதும் வண்டிச் சக்கரம் பூட்டுவதும் மாமாதான். வருஷம் முழுக்க யார் வந்து நின்றாலும் செய்து கொடுக்க வேண்டும். கூலி அறுவடையில்தான், நெல்லாக. களத்தின் ஓரத்தில் சாக்கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மிராசுதாருக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது, எவ்வளவு தோன்றுகிறதோ அவ்வளவு. ஒரு வருஷம் தூற்றி ஒதுக்கிய கருக்காயை அள்ளிப் போட்டிருக்கிறார்கள், பாதி உமி. மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கோழிக்குப் போட்டுவிட்டு, எட்டு வயசு மகனிடம், "யார்கிட்டயும் கைநீட்டி நிக்காதடா" என்று சொல்லியிருக்கிறார். மகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டான். அதனால்தான் எவ்வளவு என்று கேட்டால் இவருக்கு வாய் அடைத்துப் போகிறது.

எனக்குக் கோபம் எங்கோ போய்விட்டது. ஆனாலும் விட முடியாதே.

"மாமா, களத்துல நெல்லு அளக்குற மரக்கால் யார் கையில இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அவங்க கையிலதான்."

"பாத்துக் குடுங்கன்னு சொன்னா இப்பவும் அவங்க கையிலதானே மாமா இருக்கு? இவரே அளந்து சொல்லட்டும். சம்மதம்னா குடுக்கட்டும், இல்லேன்னா வேற ஆளைப் பாக்கட்டும். இதுல கைநீட்டுறது எங்க இருக்கு?"

மாமா கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். பிறகு மகனைப் பார்த்து, "எவ்வளவு கேக்கப் போற?" என்றார். இவர் தயங்கித் தயங்கி ஒரு தொகையைச் சொன்னார்.

"அட போடா! நான் ஒரு ஜன்னலுக்கு வாங்குறதைவிடக் கம்மியா இருக்கு. ஏத்திக் கேளு" என்று சொல்லிவிட்டு மாமா பின்கட்டுக்குப் போய் உளியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். தனியாக விட்டால் வாழைத்தாரோடு வருவார் என்று எனக்குத் தெரியாதா? முதலில் அந்தத் துணியை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரைச் சரி செய்தார். எடை மேடை கணக்கெல்லாம் ஒழுங்காக வந்தது. வீரையன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சொல்லுங்க, எவ்வளவு?" என்றார்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "பா..." என்று வந்தது. நான் தொண்டையைச் செருமினேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடியே, குறுவைக்கு இவ்வளவு, சம்பாவுக்கு இவ்வளவு என்று சொல்லி முடித்தார். மாமாவிடம் சொன்ன தொகையை நன்றாகவே ஏற்றித்தான் சொன்னார்.

"என்னங்க இது அநியாயமா இருக்கு!" என்றார் வீரையன். "சாப்ட்வேர் சும்மா வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சாப்ட்வேர் சும்மாதாங்க. காவேரித் தண்ணிகூடச் சும்மாதான் வருது. வாய்க்கா வெட்டுறவனுக்குக் கூலி குடுக்குறீங்கள்ல?"

வீரையன் விடவில்லை. குறைத்துக் கேட்டார். இவர் கொஞ்சம் இறங்கினார். அவர் கொஞ்சம் ஏறினார். பேரம் பேசுகிறார்கள்! எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது. இத்தனை வருஷத்தில் இவரிடம் ஒருவரும் பேரம் பேசியதில்லை. இது வேலை, இதற்கு ஒரு விலை உண்டு என்று ஊர் ஒப்புக்கொண்ட முதல் நாள் அது.

முடிவானதும் வீரையன், "இனிமே வரலேன்னா சத்தம் போடலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா போடுங்க. சம்சாரம் பக்கத்துல இல்லாதப்ப போடுங்க" என்றார் இவர். வீரையன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து அச்சாரம் எடுத்துக் கொடுத்தார். கம்பெனிக் காகிதம் மேஜையிலேயே கிடந்தது.

மற்ற கடைகளுக்கு நான் போகவில்லை. அவரே போனார். உரக்கடைக்காரர் பேரம் பேசாமலே ஒப்புக்கொண்டார். இன்னொருவர், "இத்தனை நாள் சும்மாதானே செஞ்சீங்க, இப்ப என்ன பேராசை?" என்று கேட்டுவிட்டார். அன்று இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலும் வந்து போயிற்று. குவைத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரம். ஒப்புக்கொண்டவர்களை வைத்துப் பார்த்தால் இழுத்துப் பிடித்து ஓட்டலாம், ஆனால் துணிந்து வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இவர் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். "ரெண்டு வருஷம்தானே, போயிட்டு வந்துடுறேன்" என்றார். எங்கள் அப்பாவும் முதலில் இரண்டு வருஷம் என்றுதான் சொன்னார். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த நேரத்தில்தான் மங்களாம்பிகை வந்தார். கடையை மூடிவிட்டு, மைபட்ட கையோடு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், எல்லாக் கடைக்கும் போனீங்களாமே. என் கடைக்கு மட்டும் ஏன் வரலை?"

"உங்களுக்கு எதுக்கும்மா? எல்லாம் நீங்களே பாத்துக்குறீங்களே" என்று இவர் பெருமையாகச் சொன்னார்.

"பாத்துக்குறேன். நீங்க ஊருல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் சார் பாத்துக்குறேன். கழட்டி மாட்டுறப்ப கை நடுங்குனா, ஒண்ணும் ஆகாது, பஸ் ஸ்டாண்டைத் தாண்டினா சார் வீடுன்னு நினைச்சுக்குவேன். கடைத்தெருவுல பேசிக்கிற மாதிரி நீங்க குவைத்துக்குப் போயிட்டா நான் நாளைக்கே பழைய கம்பெனி சாப்ட்வேருக்குத்தான் போகணும்." கையில் மடித்து வைத்திருந்த பணத்தை மேஜையில் வைத்தார். "மத்தவங்களுக்குச் சொன்ன அதே கூலி. பழுதுக்குக் குடுக்கலை. நீங்க போயிடாம இருக்கிறதுக்குக் குடுக்கிறேன்."

இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. அவர் பணத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வலங்கைமான் பக்கம் நாலு கடை கேட்டுக்கிட்டே இருக்காங்கம்மா. என்னால அவ்வளவு தூரம் போக முடியலை. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீங்க பாத்துக்குறீங்களா? கூலி உங்களுக்கு" என்றார்.

"எவ்வளவுன்னு கேக்கணும்?" என்றார் மங்களாம்பிகை உடனே. கெட்டிக்காரி என்று நான் அப்போதே சொன்னேனே.

அந்த அம்மா போனதும் நானே போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, அவரு வரலை" என்றேன்.

எல்வின் கோபித்துக்கொள்வான் என்றுதான் நினைத்தேன். "நல்லா யோசிச்சியா?" என்றான். யோசித்தேன் என்றேன். "ஆஷ்லின் என்ன பண்றா?" என்றான். அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அவனுடைய மகன் வேளாங்கண்ணிப் பக்கம் மாமியார் வீட்டில் வளர்கிறான்.

"சரி விடு. மாப்பிள்ளைகிட்ட போனைக் குடு. என் லேப்டாப் ஒரு வாரமா திறக்கவே மாட்டேங்குது. இங்க கொண்டுபோயிக் குடுத்தா சொத்தையே எழுதிக் கேக்குறான்."

இவர் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்காமலே போனை வாங்கி, என்ன ஆயிற்று, என்ன தெரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"புரிஞ்சுது மச்சான். ஒரு மணி நேர வேலை. போன்லயே சொல்றேன், நீங்களே சரி பண்ணிடலாம்" என்றார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரையோ காலண்டரையோ பார்க்காமல், தெளிவாகச் சொன்னார்: "அதுக்கு முன்னாடி கூலியைப் பேசிடுவோம்."